கடைசி விலையைக் கேட்டுக்கொள்ள மறுத்த தரகர்: குரோம்பேட்டையில் வீடு விற்ற அனுபவம்

குரோம்பேட்டையில் எங்களுக்கு இருந்த அடுக்குமாடி வீட்டை விற்பதற்கு இரண்டு சேவைகளைப் பயன்படுத்தினோம். முதலாவது, கட்டணம் வாங்கிக்கொண்டு விளம்பரம் வெளியிட்டு, வருகிற அழைப்புகளை ஓர் உதவியாளரைக் கொண்டு கவனித்துக்கொள்ளும் இணையதளத் திட்டம். இரண்டாவது, அதே பகுதியில் பல ஆண்டுகளாகத் தொழில் செய்துவரும் ஒரு வீட்டுத் தரகர். புகைப்படம் நன்றாக எடுத்தார்களா, அழைப்புகள் எத்தனை வந்தன என்பனவற்றில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டைப் பார்க்காமலே “கடைசி விலை என்ன?” என்று கேட்பவருக்கு என்ன பதில் சொன்னார்கள் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. எங்களுக்குக் கிடைத்த தொகையை முடிவு செய்ததும் அதுவே ஆகையால், இம்மதிப்புரை அதைப் பற்றியே பேசுகிறது.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு படுக்கையறை, 940 சதுர அடி, குடியிருப்பின் நிலத்தில் எங்களுக்குரிய பிரிபடாத மனைப் பங்கு 475 சதுர அடி, மின்தூக்கி இல்லாத இரண்டாவது மாடி, கூரையுடன் கூடிய கார் நிறுத்துமிடம். விளம்பரத்தில் 69 லட்சம் ரூபாய் என்று போட்டிருந்தோம். 65 லட்சத்துக்குக் கீழே இறங்குவதில்லை என்று நானும் என் மனைவியும் எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம்.

இணையதளத்தின் உதவியாளர் முதல் நாளே எங்களிடம் கேட்ட கேள்வி, “சார், எதுவரைக்கும் குறைக்கலாம்?” என்பதுதான். மருத்துவரிடம் நோயை மறைக்கக் கூடாது என்பதைப் போல, நமக்காக வேலை செய்பவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, ஒரு லட்சத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, 66 வரை பேசலாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை வீடு பார்க்க வந்தவர், செருப்பைக் கழற்றுவதற்குள்ளாகவே, “66ன்னு சொன்னாங்க, அதுலயும் கொஞ்சம் பார்த்துக் குறைங்க” என்றார். நாங்கள் பேரத்தின் முடிவு என்று நினைத்திருந்த தொகையை அவர் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு, கூடத்தைக்கூட முழுவதும் பார்க்காமல் 62 கேட்டார். ஆறு வாரங்களில் வந்த ஒன்பது குடும்பங்களில் ஏழு பேர் இதே 66 என்ற எண்ணோடுதான் படியேறினார்கள். உதவியாளரிடம் குறைபட்டுக்கொண்டபோது, விலை குறையும் என்று சொன்னால்தான் ஆட்கள் நேரில் வருகிறார்கள் என்றார். அவருடைய வேலை எத்தனை பேரை அனுப்பினார் என்பதை வைத்து மதிப்பிடப்படுகிறது போலும். எங்களுக்கோ வாங்குபவர் ஒருவர் போதுமாயிருந்தது. கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. திட்டத்தைப் புதுப்பிக்கவும் இல்லை.

அதன் பிறகு பக்கத்துத் தெருவில் இருந்தவர் சொல்லித் தரகரிடம் போனோம். ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், சிவப்பு அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு, அவ்வளவுதான் அலுவலகம். பட்டபாடு மறக்காமல், இந்த முறையும் கடைசி விலையைச் சொல்வதா வேண்டாமா என்ற தயக்கத்துடன் நான் வாயெடுத்தபோது, அவரே கையைக் காட்டித் தடுத்தார். “அதை என்கிட்ட சொல்லாதீங்க சார். தெரிஞ்சா எப்படியும் ஒரு நாள் வாயில வந்துடும். 69ன்னு போட்டிருக்கீங்க, எனக்கு 69தான்.” தரகர்களைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் அவ்வளவு உயர்ந்ததன்று, இந்த ஒரு வாக்கியத்துக்காகவே வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக்கு வந்த அழைப்புகளை ஒலிபெருக்கியில் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. முதல் அழைப்பு, “லாஸ்ட் பிரைஸ் எவ்வளவுங்க?” என்று தொடங்கியது. குரலில் சலிப்பே இல்லாமல், “வீட்டைப் பாருங்க சார். பிடிச்சிருந்தா ஓனர் வீட்டிலேயே உக்காந்து பேசுவோம். பிடிக்காத வீட்டுக்கு எதுக்கு விலை பேசணும்?” என்றார். எதிர்முனையில் இருந்தவர் விடவில்லை. குறையுமா, குறையாதா, அதை மட்டுமாவது சொல்லுங்கள் என்றார். குறையும் என்று சொன்னால் அங்கேயே பேரம் தொடங்கிவிடும், குறையாது என்று சொன்னால் ஆள் வரமாட்டார். தரகர் இரண்டையும் சொல்லாமல், “பேச வர்றவங்களோட ஓனர் பேசுவார்” என்று சொல்லிவிட்டு, உடனே தம் கேள்விக்குப் போனார்: “லோனா சார், கைப்பணமா? எந்த பேங்க்?”

இந்தக் கேள்வியின் அருமை எனக்குப் பிறகுதான் விளங்கியது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, ரிசர்வ் வங்கியின் விதிப்படி, சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்க முடியும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்புக் கணக்கில் சேராது. தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்குத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆகவே 69 லட்சம் ரூபாய் வீட்டை வாங்குபவர் தம் பங்காக 13 லட்சத்து 80 ஆயிரமும், பதிவுச் செலவாக 6 லட்சத்து 21 ஆயிரமும், மொத்தம் 20 லட்சத்துச் சொச்சம் சொந்தப் பணமாக வைத்திருக்க வேண்டும். அதே வீடு 66 லட்சத்துக்கு முடிந்தால் இந்தத் தொகை 19 லட்சத்து 14 ஆயிரமாகிறது. அதாவது விலையில் 3 லட்சம் குறைந்தாலும் கையிலிருந்து போடும் பணத்தில் குறைவது 87 ஆயிரம்தான். மீதி மாதத் தவணையில் கரைந்துவிடும். தொலைபேசியில் கடைசி விலையை வற்புறுத்திக் கேட்கும் பலருக்கு உண்மையான சிக்கல் விலையன்று, கைப்பணம். அதைத் தரகர் மிக நாசூக்காக, “பேங்க் போக உங்க கையிலிருந்து இருபது வேண்டியிருக்கும் சார், பார்த்துக்குங்க” என்று சொல்லும்போது, வாங்க முடியாதவர்கள் மரியாதை குறையாமல் விலகிக்கொண்டார்கள். வாங்கக் கூடியவர்கள் எப்போது வீட்டைப் பார்க்கலாம் என்று கேட்டார்கள்.

இரண்டாவது அழைப்பில் பேசியவர் வாங்குபவரே அல்லர், இன்னொரு தரகர். நான்கைந்து வீடுகளின் அடிவிலையைத் திரட்டிக்கொண்டு தம் வாடிக்கையாளரிடம் போவதற்காகக் கேட்டார் என்று எங்கள் தரகர் பிறகு சொன்னார். மூன்றாமவர் அதே குடியிருப்பில் கீழ்த்தளத்துக்காரர். தம் வீட்டுக்கு என்ன விலை சொல்லலாம் என்று தெரிந்துகொள்வதற்காகப் பெயரை மாற்றிச் சொல்லிக் கேட்டார். குரலை நான் அடையாளம் கண்டுகொண்டேன், சிரிப்பை அடக்குவது சிரமமாக இருந்தது. அடுத்து வந்தவர்தான் சற்று அபாயமானவர். 62க்குச் சம்மதித்தால் இப்போதே 50 ஆயிரம் ரூபாய் டோக்கன் ரொக்கமாகக் கொடுத்தனுப்புவதாகவும், அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கொள்ளலாம் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். அசையாச் சொத்து விற்பனைக்கு 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரக்கூடும். தரகர் சட்டம் பேசவில்லை. “ஓனர் முழுசும் செக்தான் வாங்குவார்” என்று சொல்லி முடித்துவிட்டார். பேச்சு அத்துடன் நின்றது.

பக்கத்துத் தெருவில் சதுர அடி 6,500க்குப் போனதே என்று கேட்டவர்களுக்கு மட்டும் அவர் சிவப்பு நோட்டைத் திறந்தார். எந்த வீடு, எந்த மாடி, கார் நிறுத்தம் உண்டா, தண்ணீர் லாரி உள்ளே வருமா என்று வரிசையாகக் குறித்து வைத்திருந்தார். விலைக்கு வாதம் தேவைப்படும் இடத்தில் வாதத்தையும், தேவைப்படாத இடத்தில் மௌனத்தையும் அவர் சரியாகப் பிரித்துக் கையாண்டார் என்றே சொல்வேன்.

வீடு பார்க்க வந்தவர்கள் எண்ணிக்கையில் குறைந்தார்கள். இரண்டு மாதங்களில் ஐந்து குடும்பங்கள் மட்டுமே. ஐந்தாவதாக வந்த தம்பதி மூன்று முறை வந்தார்கள். மூன்றாவது முறை மாமனாரையும் அழைத்து வந்தார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியைத் திறந்து பார்த்து, குளியலறையில் ஓதம் இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டு, காபியைக் கையில் வாங்கிய பிறகுதான், “கடைசியா எவ்வளவுக்கு முடிப்பீங்க?” என்றார். அதே கேள்விதான். ஆனால் வீட்டைப் பார்த்து, பிடித்து, மகளின் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி அது. தரகர், “நீங்க ஒரு தொகை சொல்லுங்க ஐயா, ஓனர் எதிர்லதான் இருக்கார்” என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவர் 63 என்றார், நான் 68 என்றேன். முக்கால் மணி நேரத்தில், இரண்டு ஏ.சி.களையும் இன்வெர்ட்டரையும் அப்படியே விட்டுச் செல்வது என்ற பேச்சோடு 66 லட்சத்துக்கு முடிந்தது. எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் 65 என்ற எண் கடைசிவரை தெரியாது. இணையதள உதவியாளர் ஊருக்கெல்லாம் அறிவித்த அதே 66தான் என்றாலும், அப்போது அது படியேறும் விலை, இப்போது படியிறங்கிய விலை.

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, கட்டட அனுமதி நகல் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு கட்டாகத் தயார் செய்து வைக்கச் சொன்னதும் பயன்பட்டது. வழக்கறிஞர் கருத்து வந்த பிறகு ஏதேனும் ஒரு தாள் இல்லையென்று சொல்லி இரண்டாவது பேரம் தொடங்குவது வழக்கமாம். எங்களிடம் அதற்கு இடம் இருக்கவில்லை.

இனிக் குறைகள். கமிஷன் 2 சதவீதம் கேட்டு 1 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டார், அதில் வருத்தமில்லை. ஆனால் வாங்கியவரிடமும் 1 சதவீதம் வாங்குகிறார் என்பதை அட்வான்ஸ் வாங்கும் நாளில்தான் தெரிந்துகொண்டோம். இரண்டு பக்கமும் வாங்குவது இத்தொழிலில் புதிதன்று என்றாலும், முதல் நாளே சொல்லியிருக்கலாம். (50 லட்சத்துக்குக் குறையாத விற்பனையில் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்தே கொடுக்க வேண்டும் என்பதால், தரகருக்குப் போன 66 ஆயிரமும் வரியாகப் பிடித்த 66 ஆயிரமும் எங்கள் கணக்கில் இரட்டைப் பிறவிகளாக நிற்கின்றன.) ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பங்களை ஒரே நேரத்தில் வரச் சொல்லி, ஒருவர் சமையலறையில் இருக்கும்போது இன்னொருவரைப் படுக்கையறையில் நிறுத்தி வைக்க நேர்ந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. தொடக்கத்தில் ஒருவர் தொலைபேசியிலேயே 64 தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆள் நம்பகமில்லை என்று தரகர் தாமாகவே முடிவு செய்து எங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் காத்திருந்தபோது பேச்சுவாக்கில்தான் அது வெளிவந்தது. அவர் கணிப்புச் சரியாகவே இருந்திருக்கலாம். இருப்பினும் 65 என்ற எங்கள் எண்ணை அறியாத ஒருவர், 64 எங்களுக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதை எப்படி அறிவார்? வீடு எங்களுடையது, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் எங்களுடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். மறைமலை நகரில் இருக்கும் மனையை விற்கும் நாள் வந்தால் அவரிடமே போவேன். எந்தத் தொகை வந்தாலும் யார் சொன்னாலும் அன்றைக்கே எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிட வேண்டும் என்பதைச் சாவி கொடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்வேன்.