ஹிமாலயன் 411-க்கு இன்ஜின் ட்யூனிங்: கொடுத்த காசுக்குத் தகுமா?

நெடும்பயணத்துக்கென்றே வைத்திருக்கும் என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வண்டிக்கு, பெங்களூரில் டைனோ (வண்டியை நிறுத்தி வைத்தே ஓட்டி அதன் திறனை அளக்கும் உருளைக் கருவி) வைத்திருக்கும் ஒரு பட்டறையில், வண்டியின் சொந்த இசியூவோடு (இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் கணினி) சேர்ந்து இயங்கும் பிக்கிபேக் இசியூ என்ற கூடுதல் பெட்டியைப் பொருத்தி ட்யூனிங் செய்துகொண்டேன். அதன் பிறகு வேலூரைச் சுற்றிச் சமவெளியிலும் மலையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வேகம் கூடும் என்று நம்பிச் செய்பவர்களுக்கு இது ஏமாற்றமே தரும். ஆனால், குறைந்த வேகத்தில் வண்டி திணறாமல் ஓட வேண்டும் என்பவர்களுக்குக் காசு வீண் போகாது.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளின்படி வரும் வண்டிகளில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்வதற்காக, சீரான ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற கலவையையே ஆக்சிஜன் சென்சார் விடாமல் பிடித்து வைக்கிறது. இன்ஜின் முழு இழுவையைத் தருவதோ 13 பங்கையொட்டிய செறிவான கலவையில்தான். பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டியில் ஆக்ஸிலேட்டரை மூடித் திறக்கும் நொடியில் ஏற்படும் வெட்டலுக்கு இந்த மெலிந்த (பெட்ரோல் குறைந்த) கலவையும் ஒரு காரணம்.

பட்டறையில் பின்சக்கரத்தை உருளைமேல் நிறுத்தி, பட்டைகளால் இறுக்கிக் கட்டி, இன்ஜினுக்கு நேரே பெரிய மின்விசிறியை ஓடவிட்டு, எக்ஸாஸ்ட் குழாயில், கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சாரைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு ஆக்ஸிலேட்டர் நிலையிலும் ஆர்பிஎம் படிப்படியாக ஏற, திரையில் கலவைக் கோடு எங்கே மேலேறுகிறது, அதாவது கலவை எங்கே மெலிகிறது என்று பார்த்து, அந்தக் கட்டத்தில் மட்டும் பெட்ரோலைச் சிறிது கூட்டினார்கள். திறனைக் காட்டும் வரைபடத்தின் உச்சியில் பழைய கோடும் புதிய கோடும் ஏறக்குறைய ஒட்டியே கிடந்தன, 24.3 குதிரைத்திறன் கொண்ட 411 சிசி இன்ஜினில் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வித்தியாசம் எல்லாம் குறைந்த ஆர்பிஎம் இருக்கும் கீழ்ப்பகுதியில்தான் இருந்தது.

அந்த வித்தியாசத்தை ஏலகிரியில் உணர்ந்தேன். அங்குள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில், பெட்டிகளும் பின்இருக்கையில் ஆளும் இருக்கும்போது, முன்பெல்லாம் இரண்டாம் கியரில் ஆக்ஸிலேட்டரைத் திறந்ததும் செயின் ஒருமுறை சடக்கென்று இழுத்துத்தான் வண்டி நகரும். கிளட்சைப் பாதி பிடித்தே சமாளிக்க வேண்டும். இப்போது கிளட்சைத் தொடாமலேயே வளைவிலிருந்து வெளியே வர முடிகிறது. சிஎம்சி மருத்துவமனை முன்பாக ஊர்ந்து செல்லும் நெரிசலிலும் இதே நிம்மதி. ஆம்பூர், வாணியம்பாடி வழியே பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது மட்டும் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. மைலேஜ் சற்றுக் குறைந்திருக்கிறது.

பெங்களூர் வேலூரைவிட ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் என்பதால், அங்கே செய்த ட்யூனிங் நம் ஊர்ச் சமவெளிக்குப் பொருந்துமா என்று பலர் கேட்கிறார்கள். காற்றழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ற திருத்தத்தை வண்டியின் சொந்த இசியூவே செய்கிறது. பிக்கிபேக் அது தரும் பெட்ரோல் அளவில் குறிப்பிட்ட விழுக்காட்டைக் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே செய்கிறது. எனவே அந்தக் கவலை வேண்டாம். அதைவிட, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை நிரப்பித்தான் ட்யூனிங் செய்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது முக்கியம். 14.7-க்குப் பதில் அதற்கு உரிய கலவை 13.5 பங்கு காற்றுக்கு அருகில் இருப்பதால், எத்தனால் குறைவாக இருந்த முந்தைய பெட்ரோலுக்கு எழுதிய மேப் (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) இப்போது மெலிவாகிவிடும்.

எனக்கு மனம் ஒப்பாதது, கூடுதல் பெட்ரோலை விடுவதற்காக ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும் வேலைதான். சில பட்டறைகள் அதை முழுதாகத் துண்டித்துவிட்டு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத சைலன்சரையும் சேர்த்தே விற்கின்றன. புகை கூடுவதோடு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு. வாரண்டியில் உள்ள வண்டியை இப்படிக் கைவைக்கக் கூடாது.

வால்வு கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி), ஏர் ஃபில்டர், செயின் தளர்வு ஆகிய மூன்றையும் நல்ல மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்த பின்னும் வெட்டல் நீடித்தால் மட்டுமே ட்யூனிங்குக்குப் போங்கள். டைனோ இல்லாமல், லேப்டாப்பில் ஆயத்த மேப்பை ஏற்றித் தருகிறோம் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பழைய கோடும் புதிய கோடும் ஒரே தாளில் இருக்கும் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய கப்ளர்களையும் (வயர் இணைப்பிகள்) பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள்.