பைதான் லேப் மார்க்கும் வருகைப் பதிவும்: 2021 ரெகுலேஷனோடு சில ஆண்டுகள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது பாடத்திட்ட, தேர்வு விதிகளில், முதல் பருவத்துப் பைதான் கணினி மொழி இரண்டு பாடமாக வருகிறது. தியரிக்கு 45 பீரியட், லேபுக்கு 60. தியரியில் இன்டர்னல் 40, பருவத் தேர்வு 60. லேபில் அது அப்படியே தலைகீழ். வருகை 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை கண்டனேஷன், அதாவது விலக்கு, கிடைக்கும். மதுரைப் பக்கத்து இணைவுக் கல்லூரிகளில் இந்தச் சட்டகத்துக்குள் நின்றுதான் எதையும் மாற்ற முடியும். மாற்ற இடம் இருக்கிறது, அதுவும் லேபில் நிறையவே இருக்கிறது.

முதலில் 75 சதவீதக் கணக்கு. லேபுக்கு அது போதாது. வாரம் 4 பீரியட் லேப் என்றால், மூன்று வாரம் அடியோடு வராதவருக்கும் 80 சதவீதம் நிற்கும். வருகை குறைந்தவர்களின் லேக் பட்டியலில் பெயரே வராது. அந்த மூன்று வாரமும் லூப், லிஸ்ட், ஃபங்ஷன் என்று அமைந்துவிட்டால் அந்தப் பருவமே போயிற்று. இயற்பியல் லேபில் ஒரு சோதனை விட்டுப்போனாலும் அடுத்ததைச் செய்துவிடலாம். இங்கே லூப் தெரியாமல் லிஸ்டுக்குள் கால் வைக்க முடியாது. அதனால் பதிவேட்டில் தேதியோடு பயிற்சி எண்ணையும் எழுத வேண்டும். தொடர்ந்து இரண்டு பயிற்சி விட்டவரை, சதவீதம் எவ்வளவு இருந்தாலும், அந்த வாரமே கூப்பிட்டுப் பேச வேண்டும். மாதக் கடைசியில் பட்டியல் பார்த்துக் கூப்பிடுவது காலம் கடந்த வேலை.

அடுத்தது மார்க். லேப் இன்டர்னலில் அப்சர்வேஷன், ரெக்கார்டுக்கு 75, டெஸ்டுக்கு 25. அந்த 100ஐ 60க்குச் சுருக்குகிறோம். ரெக்கார்டைப் பார்த்து எழுதி 70 வாங்கியவர் டெஸ்டில் 8 எடுத்தாலும் கையில் 46.8 வந்துவிடும். ஒரு வரி புரோகிராம் சொந்தமாக எழுதத் தெரியாமலே இந்த மார்க்! மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பங்கீடுதான் தவறு.

அந்த 75 மார்க்குக்கு நன்றாக வேலை செய்த பங்கீடு இது: 15 வாரம், வாரத்துக்கு 5. அன்றைக்கே லேபில் புரோகிராம் ஓடினால் 2, சொன்ன மாற்றத்தைக் கண்முன்னே செய்து காட்டினால் 2, ரெக்கார்டுக்கு 1. உயிர் அந்த நடு 2 மார்க்கில்தான் இருக்கிறது. வாக்காளர் வயதைச் சரிபார்க்கும் பயிற்சியா? வயதுக்குப் பதில் எழுத்து அடித்தால் என்ன ஆகும், அதையும் பிடித்துக் காட்டு. எண் தொடரா? ஃபார் லூப்பை வைல் லூப்பாக மாற்று. பக்கத்து சிஸ்டத்தில் பார்த்து அடித்தவரும், சாட்ஜிபிடியிடம் வாங்கி ஒட்டியவரும் இங்கே நின்றுவிடுவார்கள். ஆளுக்கு 3 நிமிடம் வைத்தால் 30 பேருக்கு 90 நிமிடம். இரண்டு ஆசிரியர் இருந்தால் தாராளம், ஒருவர் மட்டும் என்றால் மூச்சு முட்டும். ஒரே மாற்றத்தை எல்லாரிடமும் கேட்டால் நான்காவது ஆளுக்குள் விடை பரவிவிடும். பயிற்சிக்கு ஏழெட்டு மாற்றங்களைச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கடைசியில் வரும், பைகேம் என்ற விளையாட்டு நூலகத்தை வைத்துப் பந்தைத் துள்ள வைக்கும் பயிற்சி மட்டும் விதிவிலக்கு. அதை யாரும் தானாக எழுதுவதில்லை. வேகத்தையும் சுவரில் மோதும் நிபந்தனையையும் மாற்றச் சொன்னால் போதும்.

புரோகிராமுக்கு மார்க் போடும் தானியங்கித் திருத்தி மென்பொருள் வைத்திருக்கும் துறைகளுக்கு ஓர் எச்சரிக்கை. அது அவுட்புட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். இன்புட் வரிக்குள் ‘எண்ணைக் கொடு’ என்று மாணவர் எழுதியிருந்தால் அந்த வாசகமும் அவுட்புட்டில் சேர்ந்து, சரியான விடைக்குப் பூஜ்யம் விழும். 10/2 பைதானில் 5.0 தரும், எதிர்பார்த்தது 5 என்றால் அதுவும் பூஜ்யம். முதல் பருவத்துப் பிள்ளைக்கு இந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது, மனம் விட்டுப்போகும். சரிபார்க்கும் இன்புட்டுகளாக டெஸ்ட் கேஸ் ஐந்து வைத்து, இரண்டைக் கண்ணுக்குக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி மார்க் கொடுங்கள். வரிக் கடைசியில் வரும் இடைவெளியை அந்த மென்பொருள் பொருட்படுத்தாதபடி அமைப்பை மாற்றுங்கள்.

வருகை எடுக்கும் முறையில் க்யூஆர் கோடு தோற்றுவிட்டது. திரையில் வந்த கோடு ஒரு நிமிடத்தில் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், வராதவருக்கும் விடுதியிலிருந்தே ப்ராக்ஸி வருகை விழுந்தது. மாற்றம் செய்து காட்டியதற்கான மார்க்கையே அன்றைய வருகைக்குச் சான்றாக வைத்ததும் அந்தத் தொல்லை ஓய்ந்தது. ஆனால் வருகைக்கென்று தனி மார்க் வைக்கக் கூடாது. வந்து உட்கார்ந்ததற்கும் கற்றதற்கும் ஒரே எண் கொடுத்தால் இரண்டும் தெரியாமல் போகும்.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் பத்து நிமிடம் பிந்துவது வாரத்தில் ஒரு நாளாவது நடக்கும். லேப் காலை முதல் பீரியடில் இருந்தால் ஒரு பீரியட் வருகை போய்விடும். லேபைப் பிற்பகலுக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். டைம்டேபிள் குழுவோடு மல்லுக்கட்டத் தகுந்த விஷயம் இது. இரண்டாம் பருவத்தில் சி மொழி நடத்துவோர் சித்திரைத் திருவிழாத் தேதியை முன்பே குறித்து வைக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் உள்ளூர் விடுமுறை. முன்னும் பின்னும் வகுப்பு பாதிதான் இருக்கும். அந்த வாரத்தில் பாயின்டரைத் தொடங்காமல் பழைய பயிற்சியைத் திருப்பச் சொல்லலாம்.

‘ஓ.டி.’ (ஆன் டியூட்டி) அனுமதி வாங்கிப் போட்டிக்குப் போனவருக்கு வருகை கிடைக்கும், பயிற்சி கிடைக்காது. ஐந்து வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை லேபைத் திறந்து, ஆளுக்கு இரண்டு பயிற்சி வரை முழு 5 மார்க்குக்கே ஈடுகட்ட விடுங்கள். பாதி மார்க் என்று அறிவித்தால், உண்மையில் வர வேண்டியவர்கள் வருவதில்லை. சனிக்கிழமைக்குக் கல்லூரிப் பஸ் ஓடுமா என்று போக்குவரத்துப் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுத் தேதியை அறிவியுங்கள்.