மூன்று வருஷம், மூன்று ஜோடி பிளேட்

கோயம்புத்தூரில் இருக்கும் என் தோழி போன வாரம் போன் பண்ணினாள். "அந்த டை கட்டிங் மெஷின் விலை இறங்கியிருக்குடி, வாங்கட்டுமா?" அவள் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள் ராத்திரிதான் என் மெஷினின் பிளேட், அதாவது தாளை நடுவில் வைத்து அழுத்துகிற பிளாஸ்டிக் தகடு, 'டக்' என்று உடைந்திருந்தது. மூன்று வருஷத்தில் இது மூன்றாவது ஜோடி. போனில் கோபமாகச் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

டை என்பது பூ மாதிரி வடிவங்களில் வெட்டுகிற விளிம்புள்ள உலோக அச்சு. அதைத் தாளோடு சேர்த்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி, காகிதப் பூவுக்கும் வாழ்த்து அட்டைக்கும் வெட்டிக் கொடுப்பதுதான் இந்த மெஷின். என்னிடம் இருப்பது கையால் சுற்றும் சின்ன மெஷின், ஏ5 தாள் நுழைகிற அகலம். மெஷின்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. உருளையும் கைப்பிடியும் வாங்கின அன்று இருந்த மாதிரியே இருக்கின்றன. குறையெல்லாம் அந்தக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பிளேட் மேல்தான்.

கீழே ஒரு பிளேட், அதன்மேல் வெட்டுகிற விளிம்பு மேலே பார்த்தபடி டை, அதன்மேல் பேப்பர், எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு பிளேட். டை பேப்பரை வெட்டிவிட்டு மேல் பிளேட்டிலும் மயிரிழை ஆழம் இறங்கும். ஒரே முகத்தில் திரும்பத் திரும்ப வெட்டு விழுந்தால் அந்த முகம் விரிந்துகொடுத்து, பிளேட் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். வளைந்த பிளேட்டோடு சுற்றினால் டை உள்ளேயே நகரும். பூவின் ஒரு பக்கம் வெட்டுப்படும், மறுபக்கம் தடம் மட்டும் விழும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிளேட்டைப் புரட்டிப் போட வேண்டும், டையை எப்போதும் நடுவிலேயே வைக்காமல் இடம் மாற்ற வேண்டும், நேர் விளிம்புள்ள டையைக் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். பெட்டியோடு வந்த தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை. என் முதல் ஜோடி நாலே மாதத்தில் வீணானது அதனால்தான். பழகின பிறகு இரண்டாவது ஜோடி ஒன்றரை வருஷம் உழைத்தது. அதை நினைத்தால்தான் ஆத்திரமாக இருக்கிறது: ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

சரி, பூவுக்கு வருகிறேன். அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), இதழுக்கு 120. இதற்கு மேல் தடிமனாகப் போனால் இதழ் வளையாது, வெடிக்கும். பேப்பரை சென்னை ஆண்டர்சன் தெருவில் நேரில் போய்த் தொட்டுப் பார்த்து வாங்குவேன். அங்கே ஒரு மூலையைக் கிழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது மேலே மட்டும் நிறம் பூசின தாள். அதில் வெட்டின செம்பருத்தி ஓரமெல்லாம் வெளிறித் தெரியும்.

இதழ்களை வெட்டினதும் ஈர விரலால் லேசாகத் தொட்டு, மெத்தென்ற ஃபோம் மேல் வைத்து, குண்டு முனைக் கருவியால் நடுவில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஈரத்தில் நார் இளகி, தட்டையாக இருந்த தாள் கிண்ணம் மாதிரி குழிந்துவரும். மூன்று வருஷம் ஆகியும் அந்த இடம் எனக்கு அலுக்கவில்லை. சுருள் டையில் வெட்டின ரோஜா இன்னும் அழகு. வெளி நுனியில் ஆரம்பித்து காகிதம் சுருட்டும் குயில்லிங் ஊசியில் இறுக்கமாகச் சுற்றிக்கொண்டே உள்ளே போக வேண்டும். கடைசியில் நடுவில் இருக்கும் வட்டத் துண்டுதான் பூவுக்கு அடிப்பாகம். ஊசியை உருவி உள்ளங்கையில் விட்டால் சுருள் தானாகத் தளர்ந்து மொட்டு மலரும். அந்த நேரத்தில் ஒரு சொட்டு ஃபெவிகால், ஒரு சொட்டுதான். அதிகமானால் அதிலிருக்கும் தண்ணீரில் தாள் நெளியும். ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம், காற்றே போதும் நெளிவதற்கு.

கடையில் கிடைக்கிற டைகளில் ரோஜா, டெய்சிதான் அதிகம், நம் பூக்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சின்ன ஐந்திதழ் டை ஒன்றை வெள்ளைத் தாளில் வெட்டி, ஒவ்வொரு இதழையும் ஒரே பக்கமாகத் திருகிவிட்டேன், அசல் நந்தியாவட்டை. அத்தைக்குப் போன பொங்கல் வாழ்த்தில் அதைத்தான் ஒட்டினேன். வாங்கிக்கொண்டவர் முதலில் முகர்ந்து பார்த்தார்.

உடைந்த பிளேட்டுகளை இன்னும் தூக்கிப் போடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் இத்தனை வருஷமாக வெட்டின பூவெல்லாம் கோடு கோடாக ஒன்றின்மேல் ஒன்று தெரிகிறது. முதல் ஜோடியில் நடுவில் மட்டும் குவிந்து கிடக்கிறது, மூன்றாவதில் மூலைவரை பரவியிருக்கிறது. கைபழகினது அதிலேயே தெரிகிறது. அப்படிப் பார்த்துப் பார்த்துப் பயன்படுத்தின அந்த மூன்றாவது ஜோடி பதினோரே மாதத்தில், இழைப்பின்னல் டை ஒன்று போகும்போது மூலையிலிருந்து பிளந்துவிட்டது. மாற்று ஜோடியின் விலையில் கார்டுஸ்டாக் என்கிற தடித்த அட்டைத்தாள் நல்லதாக நூறு வாங்கலாம்.

தோழியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். "இவ்வளவு ஆசையாப் பேசிட்டு வேண்டாங்கறியே" என்றாள். ஆமாம், வேண்டாம். பிளேட்டைத் தேய்மானச் சாமான் என்று முதலிலேயே சொல்லி, நியாயமான விலைக்குத் தனியாக விற்கிறவரை இந்த மெஷினுக்கு ஐந்துக்கு இரண்டு மார்க்குக்கு மேல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவளைப் பொங்கலுக்கு இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். என் மெஷினிலேயே வெட்டிக்கொள்ளட்டும்.

நாலாவது ஜோடி வியாழக்கிழமை வருகிறது. கல்யாண வீட்டு ஆர்டருக்கு இன்னும் நாற்பது ரோஜா பாக்கி, அதுவரை கத்தரிக்கோலால் சுருள் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.