பில்லில் 6000, பெட்டிக்குள் கலப்பு ரேம்: மட்டக்களப்பில் கணினி வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

புதிதாகக் கணினி பொருத்தி வாங்கப் போகிறவர்கள், அதிலும் வீடியோ தொகுப்பு, கட்டட வரைபடம் போன்ற வேலைகளுக்காகப் பெருந்தொகை செலவழிக்கப் போகிறவர்கள், காசைக் கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். மட்டக்களப்பு நகரில் உள்ள ஒரு கடை, 6000 வேக ரேம் (கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) என்று என்னிடம் காசு வாங்கிக்கொண்டு, அந்த வேகத்தில் நிலையாக ஓடாத, வெவ்வேறு ரேம் அட்டைகளின் கலவை ஒன்றைப் பெட்டிக்குள் செருகிக் கொடுத்தது. கேட்கப் போனபோதெல்லாம் புதுப்புதுக் காரணம் சொன்னது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

கல்லடியில் இருந்து திருமண வீடியோக்களும் கோயில் திருவிழாப் பதிவுகளும் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். நான் கேட்டது தெளிவானது: ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசைப் புரொசெசர், 64 ஜீபி டிடிஆர்5 தலைமுறை ரேம், அதுவும் 32 ஜீபி வீதம் இரண்டு அட்டைகள் ஒரே பெட்டியில் சோடியாக வருவது, வேகம் 6000 (வினாடிக்கு 6000 மில்லியன் தரவு மாற்றம்). பில்லில் அவர்கள் எழுதியதும் "64 ஜீபி டிடிஆர்5 6000" என்றுதான். எத்தனை அட்டை, எந்த மாதிரி இலக்கம் என்பதை எழுதவில்லை. கணினி முழுவதும் மூடிய பெட்டியாக, பக்கக் கண்ணாடியில் பாதுகாப்புத் தாளும் ஒட்டியபடி கைக்கு வந்தது. ரேம் வந்த வெற்றுப் பெட்டிகளைக் கேட்டேன். களஞ்சியத்தில் இருக்கிறது, பிறகு தருகிறோம் என்றார்கள். அந்தப் பெட்டிகள் இன்றுவரை வரவில்லை.

வீட்டில் இயக்கியதும் வின்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் மனேஜரைத் திறந்து நினைவகப் பக்கத்தைப் பார்த்தேன். வேகம் 3600 என்று இருந்தது. பயன்படும் ஸ்லொட்டுகள், அதாவது ரேம் அட்டை செருகும் இடங்கள், "4 இல் 4" என்று இருந்தது. இரண்டு அட்டைக்குக் காசு கொடுத்தவனுக்கு நான்கு அட்டைகள். "அண்ணன், 16 நான்கு போட்டாலும் 64 தானே, இன்னும் நல்லது" என்று தொலைபேசியில் சொன்னார் கடைக்காரர்.

நல்லது இல்லை. இதைத்தான் எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி நிறுவனம் அதிகாரபூர்வமாகச் சொல்லும் ரேம் வேகம், இரண்டு அட்டைகள் போட்டால் 5200, நான்கு போட்டால் 3600. டிடிஆர்5 இல் நான்கு அட்டைகளையும் ஒரே நேரத்தில் வேகமாக ஓட்டுவது புரொசெசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்திக்குப் பெரிய சுமை. மதர்போர்டில் ஓடும் இணைப்புப் பாதைகளும் பெரும்பாலும் இரண்டு அட்டைக்கு ஏற்றபடிதான் அமைக்கப்படுகின்றன. அதனால்தான் இரண்டு அட்டைகளைப் போடும்போது புரொசெசரில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லொட்டுகளில் போடுமாறு கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். பெட்டியில் அச்சிட்ட 6000 என்பது எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற தயார்நிலை அமைப்பைப் பயாஸில் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) இயக்கினால் கிடைக்கும் வேகம். அதை இயக்காவிட்டால் இரண்டு நல்ல அட்டைகள்கூட 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே நின்றுவிடும். அந்த அமைப்பு, ஒன்றாகச் சோதித்து ஒன்றாகப் பெட்டியில் இட்ட அட்டைகளுக்குத்தான் உரியது. இரண்டு வெவ்வேறு பெட்டிகளில் இருந்து எடுத்துக் கலந்தால், மாதிரி இலக்கம் ஒன்றாகவே இருந்தாலும், அந்த வேகத்துக்கு எவரும் உறுதி கொடுப்பதில்லை.

கணினியைக் கடைக்குக் கொண்டுபோனேன். பயாஸில் அமைப்பை இயக்கி, வின்டோஸ் திரை வந்ததும் "6000 காட்டுகிறது பாருங்கள்" என்று கையில் கொடுத்தார்கள். சோதனை என்று அவர்கள் செய்தது அவ்வளவுதான். குளிரூட்டிய அறையில் சில நிமிடம் திரை எரிந்தால் ரேம் சரி என்று ஒரு கணினிக் கடை சொல்லலாமா?

வேலை தொடங்கியதும், வின்டோஸ் பிழையோடு நின்றுபோகும்போது காட்டும் நீலத் திரை வந்தது. ஒரு நாள் "மெமரி மனேஜ்மென்ட்" என்று, இன்னொரு நாள் "பேஜ் ஃபோல்ட்" என்று, வேறொரு நாள் எந்தச் செய்தியும் இல்லாமல் தானே அணைந்து எழும்பியது. நீலத் திரையைவிட எனக்குப் பயம் தந்தது வேறொன்று. மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தப் பதிவுகளைக் கமராக் கார்டில் இருந்து வன்தட்டுக்குப் பிரதி செய்தபோது, சில துண்டுகள் பச்சைக் கோடுகளோடு உடைந்து வந்தன. பிரதி செய்யும்போது கோப்பு ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஓர் எண் மாறினால் மாறியதே தட்டில் எழுதப்படும், எந்த எச்சரிக்கையும் வராது. மூலப் பதிவு கார்டில் இருந்தபடியால் அது தப்பியது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை இன்னொரு தடவை படம் பிடிக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஒரு வீட்டுத் திருமணம் என்றால் காத்திருந்தும் பயனில்லை.

கடை சொன்ன காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கும் இவற்றையே சொல்வார்கள்.

முதலில் வின்டோஸ் பிழை என்றார்கள். மீண்டும் நிறுவுவதற்குத் தனியாகக் காசும் வாங்கினார்கள். அடுத்த நாளே நீலத் திரை. பிறகு கல்லடியில் மின்சாரம் சரியில்லை என்றார்கள். நான் யூபிஎஸ் போட்டுத்தான் வேலை செய்கிறேன். அதன் பிறகு, டிடிஆர்5 இல் பிழை திருத்தும் வசதி உள்ளேயே இருக்கிறது, ஆகவே ரேமில் பிழை வரவே வராது என்றார்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர் போலப் பேசி வாடிக்கையாளரின் வாயை மூடும் வேலை இது. டிடிஆர்5 சில்லுக்குள் அப்படி ஒரு வசதி இருப்பது உண்மை. ஆனால் அது சில்லுக்குள் சேமித்த தரவில் வரும் சிறு பிழையை மட்டுமே திருத்தும். சில்லில் இருந்து புரொசெசர் வரை தரவு பயணிக்கும் பாதையில் வரும் பிழையை அது காணாது. வேகம் கூடும்போது பிழை வருவது பெரும்பாலும் அந்தப் பாதையில்தான்.

கடைசியாக, 6000 என்பது ஓவர்கிளொக், அதாவது அதிகாரபூர்வ வேகத்தை மீறி ஓட்டுவது, அதற்கு ஏஎம்டியே உறுதி தருவதில்லை என்றார்கள். இதுவும் உண்மைதான். 5200 ஐத் தாண்டிய வேகம் அதிகாரபூர்வ வரம்புக்கு வெளியே உள்ளது. ஆனால் அந்த உண்மை விற்கும்போது எங்கே போயிருந்தது? 6000 என்று பில் எழுதி, 6000 க்கான விலையை வாங்கி, நான்கு அட்டைகளைக் கலந்து செருகிவிட்டு, பிடிபட்ட பிறகு புரொசெசர் நிறுவனத்தின் பின்னால் ஒளிவது வியாபாரம் அல்ல.

கல்முனையில் கணினி திருத்தும் ஒரு தம்பியிடம் எடுத்துப் போனேன். அவர் ஒரு சொல்லும் ஊகமாகச் சொல்லவில்லை. கணினிப் பாகங்களின் விபரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் ஒவ்வொரு ஸ்லொட்டாகப் பார்த்தார். இரண்டு அட்டைகள் 6000 வேகத்துக்கான எக்ஸ்போ உள்ளவை. மற்ற இரண்டும் வேறு மாதிரி இலக்கம், 5600 வேகம், எக்ஸ்எம்பி மட்டும் உள்ளவை. நான்கின் மேலும் ஒரே கறுப்பு நிற உலோக உறை இருந்ததால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அத்தோடு, ரேமின் வோல்ட்டேஜ் பயாஸில் 1.45 இற்கு உயர்த்தப்பட்டிருந்தது. அந்த 6000 அட்டையின் அமைப்பில் இருப்பது 1.35. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடையில் கூட்டியிருக்கிறார்கள். வோல்ட்டேஜ் விளையாட்டுச் சாமான் அல்ல. 2023 இல் ரைசன் 7000 எக்ஸ்3டி புரொசெசர்கள் சில எரிந்துபோன பிறகு, எஸ்ஓசி வோல்ட்டேஜ் (இது ரேமின் வோல்ட்டேஜ் அல்ல, புரொசெசருக்குள் நினைவகக் கட்டுப்படுத்தி இருக்கும் பகுதிக்குப் போவது) 1.3 ஐத் தாண்டாதபடி ஏஎம்டியே பயாஸ் வழியாகக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அந்தத் தம்பி மின்தடைக்குப் பாதுகாப்பாக யூபிஎஸ்ஸில் வைத்துப் பயாஸைப் புதுப்பித்தார். பிறகு 5600 அட்டைகள் இரண்டையும் கழற்றிவிட்டு, 6000 சோடியை இரண்டாம், நான்காம் ஸ்லொட்டுகளில் போட்டு எக்ஸ்போவை இயக்கினார். முதல் தடவை இயக்கும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருந்தது. ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது, அவசரப்பட்டு அணைக்கக் கூடாது என்று சொன்னார். இரவு முழுவதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் ஓடியது. மறுநாள் நண்பகல் வெக்கையில், குளிரூட்டி இல்லாமல், வின்டோஸுக்குள் ஓசிசிடி என்ற இன்னொரு சோதனை மென்பொருள் ஓடியது. ஒரு பிழையும் இல்லை. நான்கையும் திரும்பப் போட்டு 6000 இல் ஓட்டியதும் மெம்டெஸ்ட் திரை சிவப்புக் கோடுகளால் நிறைந்தது. புரொசெசரும் மதர்போர்டும் குற்றமற்றவை என்பதற்கும், கலவைதான் குற்றம் என்பதற்கும் அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதும் தெரிந்ததே. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் கேள்வியால் 2025 இன் பிற்பகுதியில் இருந்து ரேம் விலை உலகெங்கும் பல மடங்கு ஏறியிருக்கிறது. பழைய விலைக்கு வாங்கிக் கையில் கிடக்கும் உதிரி அட்டைகளைச் சேர்த்துப் புதிய விலைக்குத் தள்ளுவதில் பெரிய இலாபம் இருக்கிறது. கொழும்பு பம்பலப்பிட்டிக்குப் போய் நேரில் பார்த்து வாங்க முடியாத நம் பக்கத்து ஆட்கள் மேல்தான் அது வந்து விழுகிறது.

ஆகவே, கணினி வாங்கும்போது பில்லில் ரேமின் முழு மாதிரி இலக்கத்தையும், எத்தனை அட்டை என்பதையும், தொடர் இலக்கங்களையும் எழுதச் சொல்லுங்கள். பெட்டியை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். வெற்றுப் பெட்டி உங்களுடையது. காசைக் கொடுக்க முன் டாஸ்க் மனேஜரையும் சிபியு-இசட் மென்பொருளையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். சிபியு-இசட்டில் 3000 என்று இருந்தால் திடுக்கிட வேண்டாம், அது பாதி எண்ணைக் காட்டும், 6000 வேகம் என்றால் அங்கே 3000 தான் இருக்க வேண்டும். எக்ஸ்போ இயங்கிய நிலையில் மெம்டெஸ்ட்86 முழுதாக ஓடி முடிந்த திரையைக் கேளுங்கள். 64 ஜீபிக்கு அது பல மணி நேரம் எடுக்கும். ஓர் இரவு கடையில் கிடக்கட்டும். "அதெல்லாம் தேவையில்லை" என்று சொல்லும் கடையில் முற்பணம் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றே ஸ்லொட் எண்ணிக்கையையும் வேகத்தையும் பாருங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், பொருள் விற்ற திகதியில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். கடைக்காரர் "நாளைக்கு வாருங்கள்" என்று இழுத்தடிப்பது அந்தக் காலம் கடந்துபோகட்டும் என்பதற்காகவும் இருக்கலாம். அதிகார சபையின் துரித அழைப்பு இலக்கம் 1977. பில், படங்கள், சோதனை முடிவு எல்லாவற்றின் பிரதியையும் இணைத்துக் கொடுங்கள்.

என் முறைப்பாட்டின் பிரதியைக் காட்டிய பிறகுதான் கடையின் பேச்சு மாறியது. 32 ஜீபி அட்டைச் சோடியைக் கொழும்பில் இருந்து எடுத்துத் தருகிறோம், ஆனால் இன்றைய விலையின் வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும் என்கிறார்கள். வாங்கிய நாளிலேயே அந்தச் சோடிக்கு முழு விலை கொடுத்துவிட்டேன், ஒரு சதமும் மேலதிகமாகக் கட்ட மாட்டேன் என்று எழுத்தில் பதில் கொடுத்திருக்கிறேன். வின்டோஸ் நிறுவ வாங்கிய காசையும் திருப்பிக் கேட்டிருக்கிறேன். இப்போதைக்கு 32 ஜீபியில், 6000 வேகத்தில், நீலத் திரை இல்லாமல் வேலை நடக்கிறது. கழற்றிய இரண்டு அட்டைகளும் விசாரணைக்குக் கொடுப்பதற்காக உறையில் இட்டு என்னிடமே இருக்கின்றன. இதே கலவையை வாங்கிய வேறு எவராவது இருந்தால் உங்கள் பில்லையும் சிபியு-இசட் படத்தையும் எடுத்துக்கொண்டு நீங்களும் முறைப்பாடு கொடுங்கள்.