குடும்பக் குழுவை எதில் வைப்பது? வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல்

போன மாதம் எங்கள் குடும்பக் குழுவில் ஒரே நாளில் மூன்று படங்கள் வந்தன. பள்ளிச் சீருடையில் தம்பி மகள், அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு, சித்தியின் ஆதார் நகல். குழுவில் 38 பேர். இதையெல்லாம் எங்கே போடுவது சரி என்று அன்றுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

முதலில் டெலிகிராம். அதுதான் மிகப் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், இரண்டு பேர் மட்டும் பேசும் சீக்ரெட் சாட்டில்தான் அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு இருக்கிறது. அதையும் நாமே தேடிப்போய்த் தொடங்க வேண்டும். குழுக்களுக்கு அந்த வசதியே கிடையாது. செய்தி சேனல் படிக்க வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளின் படத்துக்கு வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் 2016 முதல் குழு உட்பட எல்லா உரையாடலுக்கும் அந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. பூட்டின் தொழில்நுட்பம் சிக்னலுடையதுதான். அதனால் செய்தியின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை இரண்டும் சமம். வேறுபாடு வெளிவிவரத்தில் இருக்கிறது. யாருடன், எப்போது பேசுகிறோம் என்பது மெட்டாவின் வாட்ஸ்அப்புக்குத் தெரியும். சிக்னல் நன்கொடையில் நடக்கும் லாப நோக்கமற்ற அமைப்பு. 2016இல் அமெரிக்காவில் சட்டப்படி விவரம் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அதனிடம் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. 2024 முதல் போன் நம்பரைக் காட்டாமல் பயனர் பெயரை வைத்தே பேசலாம். வயசுப் பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய நிம்மதி.

அப்புறம் பேக்கப், அதாவது பழைய உரையாடல்களின் சேமிப்பு நகல். கூகுள் டிரைவுக்குப் போகும் வாட்ஸ்அப் பேக்கப்புக்கு அந்தப் பூட்டு தானாக விழாது. 2021இல் வசதி வந்தது, ஆனால் நாம்தான் செட்டிங்கில் போய் இயக்க வேண்டும். அப்போது வைக்கும் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அந்தப் பேக்கப்பை வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது. அதனால் எழுதிவைத்த பிறகே இயக்குங்கள்.

சரி, எல்லாரையும் சிக்னலுக்குக் கூட்டிப்போகலாமே? முயன்று பார்த்தேன். இரண்டு வாரத்தில் நான்கு பேர்தான் மிஞ்சினோம். பெரியம்மா இல்லாத இடம் குடும்பக் குழு ஆகாது. ஆகவே பேச்சும் வாழ்த்தும் வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். ஆதார், மருத்துவ அறிக்கை, பிள்ளைகளின் படம் எல்லாம் சிக்னலில் நான்கு பேர் மட்டும் இருக்கும் சிறு குழுவில், ஒரு வாரத்தில் தானாக அழியும்படி.

இத்தனை பூட்டும் ஒரு போன் அழைப்பில் வீணாகலாம். தெரிந்தவர் போலப் பேசி, எஸ்எம்எஸ்ஸில் வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்பார்கள். சொல்லிவிட்டால் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு நம் பெயரில் சொந்தக்காரர்களிடமே பணம் கேட்பார்கள். இதற்குத் தடுப்பு வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், சிக்னலில் ரெஜிஸ்ட்ரேஷன் லாக். இரண்டுக்கும் நாமே ஒரு பின் நம்பர் வைக்க வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

அம்மாவின் போனில் நேற்று அந்தப் பின் நம்பர் பூட்டைப் போட்டுக்கொடுத்தேன். பேத்தியின் பிறந்தநாளை வைக்கலாமா என்று கேட்டாள். எல்லாருக்கும் தெரிந்த தேதி வேண்டாம்மா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, அவளுக்கு மட்டுமே தெரிந்த ஆறு எண்களைத் தானே அழுத்தினாள்.