மாத்திரை போட்டுப் பார்ப்பதா, குழாய் வைத்துப் பார்ப்பதா?

நெஞ்செரிச்சல் என்று போனால் முதலில் கிடைப்பது அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையான பான்டோப்ரசோல் 40. காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒன்று, நாலு முதல் எட்டு வாரம். எரிச்சல் மாத்திரைக்குக் கேட்டால் காரணம் அமிலம், கேட்காவிட்டால் வேறு ஏதோ என்று ஒரு கணக்கு. மலிவு, தொந்தரவில்லை, பலருக்கு இதுவே போதும். ஒழுங்காகப் போட வேண்டும், அவ்வளவுதான். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மாத்திரை கேட்கவில்லை என்று வந்த 366 பேரில் 42 பேருக்கு, அதே வகை மாத்திரையான ஒமிப்ரசோலை இரண்டு வாரம் முறையாகக் கொடுத்ததுமே சரியாகிவிட்டது. விழுங்கச் சிரமம், எடைக் குறைவு போன்றவை இருந்தால் நேராக எண்டோஸ்கோப்பி.

எண்டோஸ்கோப்பி சுத்தமாக வந்தும் எரிகிறவர்களுக்குத்தான் சிக்கல். சிலருக்கு மேலே வரும் அமிலத்தின் அளவு சாதாரணம்தான், உணவுக்குழாய்க்குத்தான் கூச்சம் அதிகம். வேறு சிலருக்கு எதுக்களிப்புக்கும் எரிச்சலுக்கும் சம்பந்தமே இருக்காது. அந்த 366 பேரில் 99 பேர் இந்தக் கடைசி வகை. மாத்திரை இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டாது. டோஸை இரட்டிப்பாக்குவதா, உணவுக்குழாயில் என்ன ஏறுகிறது, அது அமிலமா என்று குழாய் வைத்துப் பதியும் 24 மணி நேர பிஎச்-இம்பீடன்ஸ் சோதனையா என்று டாக்டர் கேட்டபோது நான் சோதனைக்குச் சரி என்றேன்.

மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி, இடுப்பில் பெட்டி. சோறு விழுங்கும்போதெல்லாம் தொண்டையில் நூல் உரசும். ஆனால் காரியம் முழுக்க அந்தப் பெட்டியிலுள்ள பட்டனில்தான். எரியும்போதெல்லாம் அழுத்த வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் ஏதாவது மேலே ஏறியதா என்று பார்ப்பார்கள். பாதிக்கு மேல் பொருந்தினால் தொடர்பு இருப்பதாகக் கணக்கு. தற்செயலா என்று பார்க்க இன்னொரு கணக்கும் உண்டு. ஏறியது அமிலமா, அமிலம் குறைந்த திரவமா என்பதும் தெரியும். மருந்தின் பலனை முன்கூட்டி ஊகிக்க உதவுவது இதுதான். இந்த மாத்திரைகள் அமிலத்தின் வீரியத்தைத்தான் குறைக்கும், திரவம் மேலே ஏறுவதை நிறுத்தாது. அமிலத்தோடு பொருந்தினால் மாத்திரையை நம்பலாம். அமிலம் குறைந்த திரவத்தோடு பொருந்தினால் டோஸ் கூட்டிப் பெரிய பயனில்லை. எதோடும் பொருந்தாவிட்டால் மாத்திரையிடம் எதிர்பார்க்க அதிகமில்லை.

அதனால் பட்டனை அழுத்தக் கூச்சப்படாதீர்கள். அன்று மட்டும் இட்லியும் மோர்சாதமுமாகப் பத்தியம் இருக்காதீர்கள். வழக்கமாக எரிய வைக்கும் புளிக்குழம்பையே சாப்பிடுங்கள். ஒரு நாள் சோதனைதானே, அன்று எரியாவிட்டால் பட்டன் கணக்கு வீண். சோதனைக்கு முன் ஒரு வாரம் மாத்திரையை நிறுத்துவதும் சுகமில்லை. அதையும் டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

உணவுக்குழாயில் ஒட்டும் வயர்லெஸ் கேப்ஸ்யூல் 96 மணி நேரம் வரை பதியும், மூக்கில் எதுவும் தொங்காது. ஆனால் அமிலத்தை மட்டும்தான் அளக்கும். நான் வைத்துக்கொண்டதில்லை, அனுபவித்தவர்கள் சொல்லட்டும்.

எனக்குப் பெரும்பாலும் பொருந்தியது அமிலம் குறைந்த திரவத்தோடு. டோஸைக் கூட்டவில்லை; இரவில் நரம்புக் கூச்சத்தைத் தணிக்கக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் சேர்த்தார்கள். எரிச்சல் குறைந்திருக்கிறது. இந்தப் புது மாத்திரையாலா, ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கே முடிப்பதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.