நர்ஸ் வாட்ச்: மூன்று மாதம் மாட்டிப் பார்த்த பிறகு

மதுரையில் நான்கு வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, சிங்கப்பூர் நர்சிங் போர்டின் தேர்வை எழுதி இங்கே வந்தவள் நான். வார்டில் முதல் நாளே கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றச் சொன்னார்கள். கை கழுவும்போது மணிக்கட்டும் சுத்தமாக வேண்டும் அல்லவா? அன்று மாலையே சிராங்கூன் ரோட்டில் ஒரு சின்னக் கடையில் 15 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) இதை வாங்கினேன். சிலிக்கான் உறை, சட்டையில் மாட்டும் கிளிப், தலைகீழாகத் தொங்கும் முகப்பு. குனிந்தால் நமக்கு நேராகத் தெரியும்.

இரத்த அழுத்தம், நாடி, ஆக்சிஜன் எல்லாம் மெஷின் காட்டிவிடும். மூச்சை மட்டும் நாம்தான் பார்த்து எண்ண வேண்டும், ஒரு நிமிடம் முழுக்க. முதல் மாதம் அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைக்கவே இல்லை. ஒரு பக்கம் ‘மிஸ்ஸி, மிஸ்ஸி’ என்று கூப்பிடுவார்கள்; இங்கே நர்ஸை அப்படித்தான் அழைப்பார்கள். ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி மட்டும் பேசும் பாட்டி ஏதோ கேட்பார். ‘தியா’ என்றால் வலி என்பது மட்டும்தான் எனக்குப் புரியும். மருந்து கொடுக்கப் போனால் பயிற்சி தரும் அக்கா பக்கத்தில் நின்று கவனிப்பார். அந்தப் பதற்றத்தில் சில தடவை எண்ணாமலே 18 என்று பதிந்திருக்கிறேன்.

ஒருநாள் அக்கா கேட்டார்: “இந்தத் தாத்தாவுக்கு நீ எண்ணினியா?” நான் பதில் சொல்லவில்லை. இருவரும் நின்று எண்ணினோம். 28. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரைதான் இயல்பு; உடல்நிலை மோசமாகும்போது பல நேரம் முதலில் மாறுவது மூச்சுதான். உடனே டாக்டரை அழைத்தோம். அக்கா திட்டவில்லை. “நீ எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் நான் போறேன், நீ நில்லு” என்றார். வேலைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் இப்படி ஓர் ஆள் வேண்டும்.

அதற்குப் பிறகுதான் இந்த வாட்சின் அருமை தெரிந்தது. சிவப்பு வினாடி முள் தெளிவாக ஓடுகிறது. முட்கள் இருட்டில் ஒளிர்வதால் இரவு 2 மணிக்கும் பெரிய விளக்கைப் போட்டு நோயாளியை எழுப்ப வேண்டியதில்லை. உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை எண்கள் இருப்பதால் பதிவில் 24 மணிக் கணக்கில் நேரம் எழுதும்போது தவறுவதில்லை. ஆல்கஹால் துணியால் தினமும் துடைத்தும் உறை கெடவில்லை, லேசாக வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

குறை கிளிப்தான். இரண்டாவது மாதமே தளர்ந்துவிட்டது. நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கக் குனிந்தபோது வாட்ச் கழன்று அவர் மடியில் விழுந்தது. இப்போது ஊக்கு போட்டு மாட்டியிருக்கிறேன். நீங்கள் வாங்கினால் ஊசி வைத்த வகையைக் கேளுங்கள். எண்கள் மட்டும் மாறும் டிஜிட்டல் வேண்டாம். அப்புறம், வினாடி முள் ஓடுகிறதா என்று கடையிலேயே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.